பெரியக்காவுக்கு வாசித்த அறிக்கை

கம்பெனியில் அவருக்கு 'மறுபடி' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராக எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும், "இன்னைக்கு யார்கூட டூட்டி? மறுபடிகூடவா? தொலைஞ்சே போ" என்று சிரிப்பார்கள். எரிபொருள் இவ்வளவு என்று சொன்னால், "மறுபடி சொல்லுங்க" என்பார். பின்கதவு மூடியாச்சு என்றால், "மறுபடி பார்த்துட்டு வாங்க" என்பார். கோபம் கிடையாது, அதட்டல் கிடையாது. சந்தேகப் பிராணி, அவ்வளவுதான்.

மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். "எங்க வீட்டுக்காரர் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, படி இறங்கி, திரும்ப ஏறி வந்து இழுத்துப் பார்ப்பார். நாங்க தியேட்டருக்குள்ள போறதுக்குள்ள கதாநாயகனுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்" என்று கடையில் சொல்லிச் சிரிக்கவைப்பார்.

அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் இது நடந்தது. அசட்டையான ஒருவருக்கு நடந்திருந்தால், அன்றைக்கே தெரியும் என்று நாலு பேர் பேசியிருப்பார்கள். இவருக்கு நடந்ததால் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

அன்று காலை நல்ல மழை. எரிபொருள் வண்டி தாமதமாக வந்து சேர்ந்தது. பயணிகள் ஏறி உட்கார்ந்து வெகுநேரமாகி, குழந்தைகள் சிணுங்கத் தொடங்கியிருந்தன. விமானப் பணிப்பெண்களின் தலைவி விமானி அறைக்குள் எட்டிப் பார்த்தார். வயதில் மூத்தவர்கள்கூட அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கேப்டன், ஏழாவது வரிசைத் தாத்தா என்னைத் திட்ட ஆரம்பிச்சுட்டார். நான் என்னமோ மழையைப் பையில கொண்டுவந்த மாதிரி."

"கொஞ்ச நேரம், பெரியக்கா. கிளம்பிடுவோம்."

வழக்கமாகப் போகிற ஊர், வழக்கமான பாதை. கம்பெனி அந்தப் பாதையை முன்கூட்டியே விமானத்தின் கணினியில் ஏற்றி வைத்திருக்கும். ஆனால் எந்தப் பாதையில் பறக்கலாம் என்று அனுமதி தருவது தரையில் இருக்கிற கட்டுப்பாட்டு அறை. அன்று அவர்கள் வேறு பாதை கொடுத்தார்கள். பக்கத்து விமான நிலையத்தை மழை மூடிவிட்டது. அங்கே இறங்கவேண்டிய விமானங்களெல்லாம் இங்கே திரும்பி வந்துகொண்டிருந்தன, அதுவும் இவர்களுடைய வழக்கமான பாதையின் குறுக்கே. அதனால் கிளம்பிய பிறகு முதல் திருப்பத்தில் இவர்கள் வலப்பக்கம் திரும்பக் கூடாது, நேரே போகவேண்டும். இரண்டு பாதைக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். கடைசி எழுத்து மட்டும் வேறு.

துணை விமானி அதைச் சரியாகத்தான் எழுதிக்கொண்டார். சரியாகத்தான் திருப்பிச் சொன்னார். கணினியில் மாற்றவும் ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து எரிபொருள் வண்டிக்காரர் கையெழுத்துக்கு வந்து நின்றார். துணை விமானி திரும்பி, கையெழுத்துப் போட்டு, மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு வேலைக்குத் திரும்பியபோது, புதிய பாதையை உறுதிசெய்கிற பொத்தானை அழுத்திவிட்டதாகவே நினைத்துக்கொண்டார். அழுத்தவில்லை. பழைய பாதை அப்படியே இருந்தது.

அதைப் பிடிக்கத்தான் கேப்டன் இருக்கிறார். திரையில் உள்ளதையும் தாளில் உள்ளதையும் ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை. அவர் பார்த்தார். கண் முதல் எழுத்துகளைப் பார்த்தது, மிச்சத்தை மனசே போட்டு நிரப்பிக்கொண்டது.

"சரி" என்றார். "கிளம்பலாம்."

மழையைக் கிழித்துக்கொண்டு ஏறினார்கள். பெல்ட் விளக்கு அணைந்ததும் பெரியக்கா எழுந்து, சக பெண்ணோடு சேர்ந்து தள்ளுவண்டியை வெளியே இழுத்தார். விமானம் மெல்ல வலப்பக்கம் சாய்ந்து திரும்பியது. விமானி அறையில் இருவருக்கும் அது உறுத்தவில்லை. எத்தனையோ வருஷமாக அங்கே வலப்பக்கம்தான் திரும்புகிறார்கள்.

"எந்தப் பக்கம் திரும்பறீங்க?" என்றது ரேடியோ. கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் குரல் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே மேலே ஏறியது. துணை விமானி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் விமானத்தின் எச்சரிக்கைக் கருவி பேசத் தொடங்கிவிட்டது. இறங்கு, இறங்கு என்றது. கேப்டன் நிமிர்ந்து பார்த்தார். மேகத்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வயிறு, சக்கரங்களை மடக்கி வைத்த இடம்வரை தெரிகிற அளவுக்குப் பெரிதாக, அவர்களுக்கு நேர் மேலே வந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் விமானத்தைக் கீழே தள்ளினார்.

பின்னால் எல்லாம் மிதந்தது. கோப்பைகள், செருப்பு, ஒரு பெண்ணின் கைப்பை. பெல்ட் போட்டவர்கள் இருக்கையில் தொங்கினார்கள். பெரியக்காவோடு நின்ற பெண் ஒரு கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். பெரியக்காவின் கையில் ஏழாவது வரிசைத் தாத்தாவுக்காக ஊற்றிய தண்ணீர் இருந்தது. அவர் கூரையில் போய் மோதினார். விமானம் சமநிலைக்கு வந்ததும் தள்ளுவண்டியின் இரும்பு மூலையில் கழுத்து பட விழுந்தார்.

மேலே போன விமானம் மேலேயே போய்விட்டது. அதில் இருந்த யாருக்கும் ஒன்றுமில்லை.

கேப்டன் ஒலிவாங்கியை எடுத்தார். பயணிகள் அலறிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அமைதிப்படுத்த வேண்டும் என்பதைத் தவிர அந்த நிமிடம் அவருக்கு வேறு யோசனை இல்லை. "எதிர்பாராத ஏர் பாக்கெட், காத்துப் பள்ளம். பயப்படாதீங்க. கிளம்பின இடத்துக்கே திரும்பறோம்" என்றார். தரையில் கிடந்த பெரியக்காவுக்கும் அது கேட்டது.

கழுத்தெலும்பு உடைந்திருந்தது. உயிர் தப்பியது. தோளுக்குக் கீழே எதுவும் அசையவில்லை, இனி அசையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருடைய கணவர் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். அறுவைக்கு முன்னால் தலையை மழிக்க மருத்துவமனை ஆள் வந்தபோது, "நீங்க தள்ளுங்க தம்பி" என்று சொல்லி, கடையிலிருந்து தன் கத்தியைக் கொண்டுவரச் செய்து அவரே மழித்தார். ஒரு கீறல்கூட விழவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கேப்டன் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். சலூன்காரர் எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போடுவார். கழுத்தைச் சுற்றிப் பட்டை மாட்டி மல்லாக்கக் கிடந்த பெரியக்கா கண்ணை மட்டும் இவர் பக்கம் உருட்டுவார்.

"காத்து அடிச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க கேப்டன்? ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க? நான் இன்னும் சாகலை."

கேப்டன் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரும் சாப்பிடமாட்டார்கள்.

கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவு மேலாளர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "விசாரணை முடியறவரைக்கும் வாயைத் திறக்காதீங்க. முக்கியமா அவங்க குடும்பத்துக்கிட்ட. அவங்க ஏர் பாக்கெட்னு நினைக்கிறாங்கன்னா நினைச்சுக்கிட்டுப் போகட்டும். நாம பொய் சொல்லலை. சும்மா இருக்கோம்."

"நான் சொல்லியிருக்கேன் சார். மைக்கில சொன்னதே நான்தான்."

"அது பயணிகளுக்காக" என்றார் மேலாளர்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் கேப்டன் மனைவியின் கடைக்குப் போனார். "என் கண்ணைக் கொஞ்சம் பாரேன்" என்றார். மனைவி அவரை உட்கார வைத்து, சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். எதிர்ச் சுவரில் எழுத்துகள் எறும்பாகச் சிறுத்துக்கொண்டே போயின. கேப்டன் கடைசி வரியின் கடைசி எழுத்துவரை தடங்கலில்லாமல் வாசித்தார்.

"ஒரு குறையும் இல்லீங்க. இருபது வயசுப் பையன் கண்ணு மாதிரி இருக்கு."

அவர் முகம் வாடியதைப் பார்த்து மனைவி திகைத்துப்போனார். குறை இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கடையின் கதவை உள்ளே தாழிட்டார்.

"என்னதான் நடந்துச்சு? என்கிட்டயாவது சொல்லுங்க."

அவர் சொன்னார். கையெழுத்து, திரை, கடைசி எழுத்து, வலப்பக்கம், வெள்ளை வயிறு.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. காத்துன்னு நினைச்சுக்கிட்டு எனக்கு ஆறுதல் சொல்றாங்க."

மனைவி வில்லைகளைத் துடைத்துப் பெட்டியில் ஒவ்வொன்றாக அடுக்கினார். "சொன்னா வேலை போகுமா?"

"போகும்."

"சொல்லலேன்னா?"

மனைவி பெட்டியை மூடினார். "சொல்றதுன்னா சீக்கிரம் சொல்லிடுங்க. நாளாக நாளாக அவங்க உங்களுக்கு இன்னும் ஆறுதல் சொல்வாங்க. அதை எப்படிக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் நாற்காலியில் உட்காராமல், கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார். "பெரியக்கா, அது காத்து இல்லை. நாங்க தப்பான பாதையில போயிட்டோம். எங்களுக்குக் கொடுத்தது வேற பாதை. நான் சரிபார்த்தேன், ஆனா சரியா பார்க்கலை. இன்னொரு விமானம் மேல வந்துடுச்சு. அதுக்காகக் கீழ தள்ளினேன்."

பெரியக்கா அவரையே பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். கழுத்தில் பட்டை. அசைக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டார்.

"போகச் சொல்லுங்க" என்றார் கணவரிடம்.

சலூன்காரர் வராந்தாவரை கூடவே வந்தார். அடிக்கப்போகிறார் என்று கேப்டன் நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. சலூன்காரர் சத்தம் போடாமல் கேட்டார்: "இத்தனை நாளா உங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டேனே சார்?"

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கம்பெனி அவரை வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தது. விசாரணைக் குழு முன்னால் துணை விமானி தன் பங்கை மறைக்காமல் சொன்னார். கேப்டனும் சொன்னார். இருவர் உரிமத்தையும் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். துணை விமானி குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய், காலம் முடிந்ததும் சரக்கு விமானம் ஓட்டச் சேர்ந்துகொண்டார். கேப்டனும் திரும்ப முயற்சி செய்யாமல் இல்லை. தரையிலேயே நிற்கிற பயிற்சிக் கூண்டில் அவரைச் சோதனைக்கு உட்கார வைத்தார்கள். பாதை அனுமதி வந்தது. அவர் வாசித்தார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகத் திரும்ப வாசித்தார். மறுபடி வாசித்தார். வியர்வை காலர்வரை இறங்கியது.

பயிற்சியாளர் கடைசியில் அவர் தோளைத் தொட்டார். "சார், நாம இன்னும் கிளம்பவே இல்லை."

கேப்டன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார். அதன் பிறகு அவர் விமானி இருக்கையில் உட்காரவே இல்லை. உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அலமாரி, திருகாணி, வாஷர், ரப்பர் வளையம். அங்கேயும் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆனால் அங்கே அவருக்குப் பட்டப்பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை.

விசாரணை அறிக்கை வெளியானது. சில நாட்களில் சலூன்காரரிடமிருந்து போன்.

"அவ உங்களை வரச் சொல்றா. எனக்கு இதுல இஷ்டமில்லை. ஆனா அவ சொல்றா."

பெரியக்காவின் வீடு மாடியில். முன்னறையில் சோபாவை அகற்றிவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். தலைமுடி முளைத்து வந்திருந்தது, நேர்த்தியாக வெட்டியிருந்தது. கட்டிலின் மேல் அறிக்கை கிடந்தது, தடிமனாக.

"என் வீட்டுக்காரருக்கு இந்த பாஷை புரியலை" என்றார் பெரியக்கா. எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிட்டார். "மகளைப் படிக்கச் சொன்னா, ரெண்டு பக்கம் போறதுக்குள்ள அழறா. நீங்க படிங்க. உங்களுக்கு இதெல்லாம் என்னன்னு தெரியும். நீங்க அழுதாலும் எனக்கு ஒண்ணும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தார். சலூன்காரருக்கு அன்றுதான் கடையில் கூட்டம். மகள் சமையலறையில் இருப்பாள், இந்தப் பக்கம் வரமாட்டாள். பெரியக்கா கூரையைப் பார்த்தபடியே கேட்பார். நடுநடுவே நிறுத்தச் சொல்வார்.

"'விமானத் தலைவர் ஒப்பீட்டை முறைப்படி செய்யவில்லை.' இது நீங்களா?"

"நான்தான்."

"முறைப்படின்னா எப்படி?"

அவர் விளக்குவார். தாளும் திரையும், ஒவ்வொரு பெயராக, வாய்விட்டு. பெரியக்கா கேட்டுக்கொள்வார். ஒருமுறை, "எங்களை மட்டும் பெல்ட்டு, கதவு, ட்ராலின்னு உயிரை எடுப்பீங்களே" என்றார். சிரிக்கிறாரா என்று கேப்டன் பார்த்தார். சிரிக்கவில்லை. இன்னொரு நாள், கட்டுப்பாட்டு அறைப் பெண் கொஞ்சம் முன்னாலேயே கவனித்திருக்கலாம் என்று ஒரு வரி வந்தது. "பாவம், அவளும் இப்ப தூங்கமாட்டா" என்றார் பெரியக்கா.

அறிக்கையின் பிற்பகுதியில் ஒரு பத்தி இருந்தது. அது அங்கே இருக்கிறது என்று கேப்டனுக்குத் தெரியும். வீட்டில் ஏற்கெனவே வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். விசாரணைக்குப் போய் வந்தவருக்கே அது அறிக்கையில் வாசித்த பிறகுதான் தெரியவந்தது. அந்த ஞாயிறு பக்கத்தைப் புரட்டி அந்த இடத்துக்கு வந்தார். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. பெரியக்காவால் தாளைப் பார்க்க முடியாது. இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கட்டைவிரல் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தது.

"என்ன, நிறுத்திட்டீங்க?"

அவர் விரலை எடுத்தார். வாசித்தார். எச்சரிக்கைக் கருவி கேட்ட அளவைவிட விமானத் தலைவர் மிக அதிகமான வேகத்தில் விமானத்தைக் கீழே தள்ளினார். அதில் பாதி போதுமானதாக இருந்திருக்கும். நின்றிருந்த பணியாளருக்கு ஏற்பட்ட காயத்துக்கு நேரடிக் காரணம் இதுவே.

"திருப்பிப் படிங்க."

திருப்பி வாசித்தார்.

"பாதி தள்ளியிருந்தா?"

"மோதாம தப்பிச்சிருப்போம். அது போதும்."

"நான் கேட்டது எனக்கு."

கேப்டன் தாளை மடியில் வைத்தார். "காலு தரையை விட்டுத் தூக்குற மாதிரி இருந்திருக்கும். வயித்தைப் பிரட்டியிருக்கும். எதையாவது பிடிச்சுக்கிட்டிருப்பீங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பெரியக்காவின் கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுப் பக்கம் வழிந்தது. துடைக்க அவரால் முடியாது. துடைக்கலாமா என்று கேப்டனுக்குத் தெரியவில்லை.

"தண்ணி வேணும்" என்றார் பெரியக்கா.

மகளைக் கூப்பிடப்போனவரைத் தடுத்தார். "அவளை விடுங்க. நீங்களே குடுங்க."

மேசைமேல் டம்ளரும் உறிஞ்சுகுழலும் இருந்தன. கேப்டன் குழலை அவர் உதட்டில் வைத்தார். பெரியக்கா மெதுவாகக் குடித்து முடித்தார்.

"ஏன் அவ்வளவு தள்ளினீங்க?"

"பயந்துட்டேன்."

"அது அதுல எழுதியிருக்கா?"

"இல்லை."

"ம்" என்றார் பெரியக்கா. "மிச்சத்தையும் படிங்க."

மிச்சம் அதிகமில்லை. பரிந்துரைகள், அட்டவணைகள். அன்றே முடிந்துவிட்டது. கேப்டன் தாள்களை அடுக்கி மூடினார்.

"இனிமே வராதீங்க கேப்டன். திட்டறதுக்காகச் சொல்லலை. நீங்க வந்துட்டுப் போனா ஒரு வாரம் எனக்கு அந்த பிளேன் கூரைதான் கண்ணுக்குள்ள வருது."

அதன் பிறகு அவர் அங்கே போகவில்லை. கிடங்குக்குப் போனார், வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் படிப்பு முடித்து வேலைக்குப் போனான். மனைவி கடையில் அவரைப் பற்றி வேடிக்கைக் கதை சொல்வதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் பெரியக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. படுத்தே கிடப்பவர்களுக்கு அது சட்டென்று நுரையீரலுக்குப் பரவிவிடும் என்றார்கள். பரவியது. கேப்டனும் மனைவியும் துக்க வீட்டுக்குப் போனபோது தெருவில் பழைய சகாக்கள் கும்பலாக நின்றார்கள். சிலர் டூட்டியிலிருந்து அப்படியே சீருடையில் வந்திருந்தார்கள். வழி விட்டார்கள். அன்று கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்த பெண் மட்டும் கேப்டனைப் பார்த்து, ஏதோ சொல்ல வந்து, வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து சலூன்காரர் கூப்பிட்டார். "கட்டிலை ஆஸ்பத்திரிக்குத் திருப்பித் தரணும். தனியா கழட்ட முடியலை. கேக்க வேற ஆள் இல்லாம இல்லை. உங்களைக் கேக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

கேப்டன் கருவிகளோடு போனார். இருவரும் மண்டியிட்டுத் திருகுகளைக் கழற்றினார்கள். ஒரு பக்கத்துத் திருகு இறுகிப்போயிருந்தது. சலூன்காரர் பிடித்துக்கொள்ள, கேப்டன் உடல்பலம் முழுக்கக் கொடுத்துத் திருப்பினார். இரும்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு குறுகலான படியில் ஒவ்வொரு அடியாக இறங்கினார்கள். வளைவில் சட்டம் சுவரில் உரசிச் சுண்ணாம்பைப் பெயர்த்தது.

வண்டியில் ஏற்றி முடித்ததும் சலூன்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உங்களை மன்னிச்சாளான்னு என்கிட்ட கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. உங்களைப் பத்தி அவ பேசவே இல்லை."

"நான் கேக்கலை" என்றார் கேப்டன்.

"கேக்க நினைப்பீங்கன்னு சொன்னேன்."

சலூன்காரர் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பிப் போனது. தெருவில் நின்ற பிறகுதான், அந்த வீட்டுத் திருப்புளி ஒன்று தன் கையிலேயே இருப்பதைக் கேப்டன் பார்த்தார். படியேறிப் போய்க் கதவைத் தட்டினார். மகள் கதவைப் பாதி திறந்தாள். கட்டில் போன இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அவள் கையை நீட்டித் திருப்புளியை வாங்கிக்கொண்டாள். "சரி" என்றாள். கதவை மூடினாள்.